முள் 140-ல நின்னா வண்டி 140-ல போச்சா?

02.03.2025, இரவு 9.15 (வாசகர் கேள்வி)

எங்க தாய்மாமா போன மாசம் ராத்திரி பாடாலூர் தாண்டி, நின்னுக்கிட்டிருந்த லோடு லாரிக்குப் பின்னாடி காரை விட்டுட்டார். உயிர் பிழைச்சு வந்துட்டார், ஆனா அன்னிக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இல்ல. காரோட மேற்கூரை பாதி வரைக்கும் சீவிப் போச்சு. மீட்டர் முள் 140-ல நிக்குது, போட்டோ இருக்கு. எஃப்.ஐ.ஆர்-லயும் அதிவேகம்னுதான் போட்டிருக்கு. லாரிக்காரர் பார்க்கிங் லைட் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சுங்கறார். மகஜர்ல (போலீஸ் இடத்தைப் பார்த்து எழுதின குறிப்பு) பிரேக் தேய்ச்ச கோடு லாரி பின்பக்கம் வரைக்கும் 18 மீட்டர்னு இருக்கு. முள்ளே 140 காட்டும்போது இனிமே பேசறதுக்கு என்ன இருக்கு?

02.03.2025, இரவு 11.40

பேச நிறைய இருக்கு தம்பி. முள்ளை முதல்ல மறந்துடு.

பத்தொன்பது வருஷமா இன்ஷூரன்ஸ் சர்வேயரா நொறுங்கின வண்டிகளுக்கு நடுவுலதான் என் பொழப்பு. ஸ்டேஷன் வாசல்ல வண்டியைச் சுத்திக் கூட்டம் கூடினா முதல் ஆள் எட்டிப் பார்க்கறது மீட்டரைத்தான். அந்தக் காலத்து கேபிள் மீட்டர்ல மோதின அதிர்ச்சியில முள் போய் டயல் தகட்டுல அடிச்சு, பெயின்ட் லேசா ஒட்டித் தடம் விட்டிருக்கும். லென்ஸ் வெச்சுப் பார்த்து ஏதாவது சொல்லலாம். இப்ப இருக்கறது குட்டி மோட்டார்ல ஓடற முள். கரண்ட் போன நொடியில எங்க இருந்துச்சோ அங்கேயே நிக்கும். அந்த கரண்ட் எப்ப போச்சு? மோதின உடனேயா, இல்ல முன்சக்கரம் ரெண்டும் லாரிக்கு அடியில அந்தரத்துல தொங்க, மயங்கின காலு ஆக்ஸிலரேட்டர் மேல அழுந்திக் கிடந்தப்பவா? அந்தரத்துல சுத்தற சக்கரம் 140-ம் காட்டும், 160-ம் காட்டும். வண்டி ஒரு அடி நகர்ந்திருக்காது.

ரெண்டு விஷயம் பார்த்துச் சொல்லு. பக்கத்துல ஆர்.பி.எம். முள், அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டற முள், எங்க நிக்குது? கியர் எதுல இருக்கு?

இந்த முள் கதை உலகம் பூரா இருக்கு. 1997 ஆகஸ்ட் 31-ல பாரீஸ் ஆல்மா சுரங்கப்பாதையில இளவரசி டயானா போன மெர்சிடிஸ் 13-வது தூண்ல மோதினப்பவும் முள் 190-க்கு மேல நின்னுடுச்சுன்னுதான் செய்தி பறந்துச்சு. நிபுணர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டப்ப மோதின வேகம் 95-க்கும் 110-க்கும் நடுவுலதான் வந்துச்சு. அங்க அனுமதி 50-தான், அதனால அதுவும் பெரிய வேகம்தான். ஆனா 190 எங்க, 110 எங்க?

03.03.2025, காலை

டீக்கடையில உட்கார்ந்து டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

பிரேக் கோட்டுக்கு வருவோம். சக்கரம் பூட்டிக்கிட்டு இழுபட்டா ரப்பர் தார்ல தேய்ஞ்சு கருப்புக் கோடு விழும். வண்டியோட வேகம் அந்த உராய்வுலதான் கரையுது. கணக்கு சுலபம்: 254-ஐ உராய்வு எண்ணால (ரோடு டயரை எவ்வளவு பிடிக்குதுங்கற எண்) பெருக்கு, மீட்டர்ல கோட்டோட நீளத்தால பெருக்கு, வர்க்கமூலம் எடு. விடை மணிக்கு இத்தனை கி.மீ.னு வரும். வண்டியோட எடை இதுக்குள்ள வரவே இல்ல, கவனிச்சியா? கனமான வண்டியை நிறுத்தறது கஷ்டம், ஆனா அதே கனம்தான் டயரை ரோட்டுல அழுத்தவும் செய்யுது. ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் போயிடும். (லாரி, பஸ் வேற கணக்கு. அதுங்க டயருக்கும் பிரேக்குக்கும் காரோட உராய்வு எண் பொருந்தாது.)

காய்ஞ்ச தார் ரோடுன்னா 0.7 வெச்சுக்கலாம். 254 × 0.7 × 18 = 3200. வர்க்கமூலம் 57 கிட்ட. கோடு முடியற இடத்துல வண்டி தானா நின்னிருந்தா இதுதான் வேகம். மாமா வண்டி தானா நிக்கல, லாரி நிறுத்துச்சு. நீ அனுப்பின போட்டோவுல நசுங்கல் இருக்கற அளவுக்கு மோதும்போது சுமார் 50 இருந்திருக்கும்னு என் கண்ணுக்குப் படுது.

ஆக 57-ம் 50-ம் 107. அதுக்கு மேல இல்ல.

03.03.2025, மாலை

ஒரு பிசிக்ஸ் டீச்சர் தனியா எழுதியிருக்காங்க: "சார், வேகத்தைக் கூட்டக்கூடாது. வர்க்கத்தைக் கூட்டணும். ஒன்பதாவது பசங்களே இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க."

அடி சரியான இடத்துல விழுந்துச்சு. கரையறது ஆற்றல், அது வேகத்தோட வர்க்கத்துல போகும். 57-ஐ 57-ஆல, 50-ஐ 50-ஆல பெருக்கிக் கூட்டி, அதுக்குத்தான் வர்க்கமூலம். 3200 + 2500 = 5700, மூலம் 75. நூத்தி ஏழு இல்ல, எழுபத்தஞ்சு. ரிப்போர்ட் எழுதும்போது இந்தத் தப்பு எனக்கு வராது. வடையைக் கையில வெச்சுக்கிட்டு எழுதினா வரும்போல.

03.03.2025, இரவு

தம்பி, 107-ஐ அதுக்குள்ள வக்கீலுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டியா? ஐயோ. இப்பவே போன் பண்ணி அழிக்கச் சொல்லு. இந்தப் பக்கத்துல நான் எழுதற எந்த நம்பரும் கோர்ட்டுக்கு இல்ல, உனக்குப் புரியறதுக்கு.

04.03.2025

எழுபத்தஞ்சுன்னு ஒத்தை நம்பரா சொன்னதும் தப்புதான். உராய்வு 0.7-னு நான் ரோட்டைத் தொடாமலேயே சொன்னேன். அந்த இடத்துல தார் தேய்ஞ்சு வழுவழுன்னு இருந்தா 0.6, புதுசா சொரசொரன்னு இருந்தா 0.8. மோதின வேகம் 45-ஆ இருக்கலாம், 60-ஆகவும் இருக்கலாம். கம்மிப் பக்கம் எல்லாத்தையும் கம்மியா வெச்சா 69 வருது, கூடப் பக்கம் வெச்சா 85. அதனால 69-லேருந்து 85. இதுக்குள்ள எங்கேயோ.

இன்னொண்ணு. பிரேக்கை மிதிச்ச உடனே கோடு விழாது. டயர் சூடாகி, பூட்டி, அப்புறம்தான் தெரியற மாதிரி கருக்கும். அந்த ஆரம்பத் துண்டுல கரைஞ்ச வேகம் இந்தக் கணக்குக்குள்ள வரல. அதனால நிஜம் கொஞ்சம் மேல் பக்கமாவே சாயும். மாமாவுக்குச் சாதகமா வர்றதை மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது.

கோடே விழுந்திருக்குன்னா ஏ.பி.எஸ். இல்லாத வண்டின்னு நினைச்சேன். 2014 மாடல்னு சொல்லிட்ட, சரிதான். ஏ.பி.எஸ். இருந்தா சக்கரத்தைப் பூட்ட விடாது, விட்டு விட்டுப் பிடிக்கும். ரோட்டுல நிழல் மாதிரி லேசாத்தான் தெரியும், ரெண்டு மழையோ நாலு நாள் போக்குவரத்தோ போதும் அழியறதுக்கு. இப்ப வர்ற கேஸ்கள்ல பாதிக்கு "பிரேக் பிடித்ததற்கான அடையாளம் இல்லை"ன்னு எழுதிடறாங்க. பிடிச்சிருப்பான், நாமதான் குனிஞ்சு பார்க்கல.

06.03.2025

"அப்ப எஃப்.ஐ.ஆர்-ல எப்படி அதிவேகம்னு வந்துச்சு?"

அது அளந்து எழுதினது இல்லப்பா. தமிழ்நாட்டுல எந்த ஸ்டேஷன்ல எந்த விபத்து எஃப்.ஐ.ஆர்-ஐ எடுத்தாலும் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து"ன்னு ஒரு வரி இருக்கும். சந்துல சைக்கிளை இடிச்ச ஆட்டோவுக்கும் அதே வரி, பைபாஸ்ல கவிழ்ந்த பஸ்ஸுக்கும் அதே வரி. பழைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 279, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281. அந்தப் பிரிவுல மனுஷ உயிருக்கு ஆபத்து வர்ற மாதிரி கண்மண் தெரியாம, கவனமில்லாம ஓட்டறதுதான் குத்தம். இத்தனை கி.மீ.ன்னு ஒரு நம்பரும் கிடையாது. பிரிவுக்குப் பொருந்தணும்னு வரி வருது.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்லயும் இப்படி ஒரு ஆயத்த வரி இருக்கு: "இயந்திரக் கோளாறு காரணமாக விபத்து நேரவில்லை." பெரும்பாலும் உண்மையாத்தான் இருக்கும். ஆனா எஞ்சின் கார் சீட்டுக்கு வந்திருக்க, பிரேக் பைப் நாலு துண்டாக் கிடக்க, அதே வரியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 அறிக்கையில நாட்டுல 4,61,312 விபத்து, 1,68,491 சாவு. அதுல 72 சதவீத விபத்துக்குக் காரணம் அதிவேகம்னு இருக்கு. வேகம் கொல்லும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம், வருஷம் முழுக்க அதைத்தான் பார்க்கறேன். ஆனா அந்த 72-ல எத்தனைக்கு யாராவது டேப்பைக் கையில எடுத்தாங்க?

06.03.2025, இரவு

சாட்சி பத்தி எழுத மறந்துட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் "நூத்தி இருபதுல வந்து நொறுக்கிட்டான்"னு சொல்லியிருக்காராம். அவர் பார்த்தாரா? இல்ல, சத்தம் கேட்டுத் திரும்பினார். சத்தத்துக்கு எந்த மீட்டரும் இல்ல.

1974-ல எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க. எல்லாருக்கும் அதே விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கேள்வியில வினைச்சொல்லை மட்டும் மாத்தினாங்க. நம்ம பாஷையில சொன்னா, சிலர்கிட்ட "ரெண்டு வண்டியும் நொறுக்கிக்கிட்டப்ப என்ன வேகம்?", சிலர்கிட்ட "உரசிக்கிட்டப்ப என்ன வேகம்?" நொறுக்கினதா கேட்டவங்க சொன்ன சராசரி மணிக்கு 65 கி.மீ. கிட்ட, உரசினதா கேட்டவங்க சொன்னது 51. ஒரு வாரம் கழிச்சு இன்னொரு குழுவுல கண்ணாடி உடைஞ்சதைப் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. நொறுக்கின கேள்வி கேட்கப்பட்ட 50 பேர்ல 16 பேர் பார்த்தேன்னாங்க. படத்துல கண்ணாடியே உடையல.

நம்ம ஊர்ல வாக்குமூலம் வாங்கும்போது முதல் கேள்வியே "அதிவேகமா வந்து மோதினானா?"ங்கறதுதான். பதில் என்ன வரும்?

09.03.2025

கூரை சீவினதைப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. "இவ்வளவு கோரமா இருக்கே, 75-ல இப்படி ஆகுமா?"

ஆகும். கார்ல முன்னாடி பம்பர் உயரத்துல ரெண்டு பக்கமும் நீளமா இரும்புச் சட்டம் போகும். மோதலை வாங்கிக்கிட்டு மடங்கறதுக்குன்னே செஞ்சது அது. சுவர்லயோ இன்னொரு கார்லயோ மோதினா சட்டம் மடங்கும், ஆள் பிழைப்பான். லாரிப் பின்பக்கம் உயரத்துல இருக்கு. கீழே இருக்க வேண்டிய பம்பர் குழாய் துருப்பிடிச்சோ வளைஞ்சோ, இல்ல கழட்டியே வெச்சோ இருக்கும். காரோட பானட் அடியில புகுந்துடும், சட்டத்துக்கு வேலையே இல்ல, முதல்ல அடி வாங்கறது கண்ணாடியும் கூரைத் தூணும். தகரம் அது, கத்திரி வெச்ச மாதிரி கிழியும். 50-ல கூட கிழியும். இப்படி இருக்கற வண்டியைப் பார்த்துட்டு "150 இருக்கும்"னு சொல்லாத ஆளை நான் பார்த்ததில்ல. ஆரம்பத்துல நானும் சொல்லியிருக்கேன்.

நசுங்கலை வெச்சு வேகம் சொல்றப்ப எது நசுங்கிச்சுன்னு பார்க்கணும். அதனாலதான் மாமா கேஸ்ல 45-லேருந்து 60-னு இழுத்தேன். நேர்மையா சொன்னா அந்த 45-க்கும் கீழே போகவும் இடம் இருக்கு.

09.03.2025, கொஞ்ச நேரம் கழிச்சு

எதிரெதிரா 80-ல ஒண்ணு, 80-ல ஒண்ணு மோதினா 160-ல சுவர்ல மோதின மாதிரின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். இல்லைங்க. ரெண்டும் ஒரே எடைன்னா ஒவ்வொரு காருக்கும் அது 80-ல சுவர்ல மோதினதுதான். ரெண்டு காரோட ஆற்றலையும் பங்கு போட்டுக்க நசுங்கறதுக்கு ரெண்டு மூக்கு இருக்கே. நானோவும் லாரியும்னா கதை வேற, அங்க லாரி முன்னாடி நானோ வெறும் பந்துதான்.

12.03.2025

தம்பி ஃபாஸ்டாக் ஸ்டேட்மென்ட் அனுப்பியிருக்கான். புத்திசாலி. நான் கேட்கவே இல்ல.

சமயபுரம் டோல்கேட் 1.31. விபத்து இடம் அங்கேருந்து 22 கி.மீ.னு பைக்ல போய் அளந்திருக்கான். 108-க்கு போன் போனது 1.52. இருபத்தோரு நிமிஷம், சராசரி 63. ஆனா விபத்து நடந்த நொடியிலேயே யாரும் போன் பண்ணியிருக்க மாட்டாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுன்னா 82. மாமா 140-லயே வந்திருந்தா ஒன்பதரை நிமிஷத்துல அங்க வந்திருப்பார், அப்புறம் பதினொரு நிமிஷத்துக்கு மேல அந்த ரோட்டுல யாருமே அந்தக் காரைப் பார்க்காம போயிருக்கணும். ராத்திரி எத்தனை ஆம்னி பஸ் போற ரோடு அது.

சராசரியை வெச்சுக் கடைசி நொடியைச் சொல்ல முடியாதுதான். நடுவுல டீ குடிச்சிருக்கலாம். ஆனா டயர்க் கோடு ஒரு பக்கம், டோல்கேட் ஒரு பக்கம், ஒண்ணுக்கொண்ணு தெரியாத ரெண்டு சாட்சியும் ஒரே ஊரைக் கை காட்டுது. முள் மட்டும் தனியா நிக்குது.

அப்புறம் அந்த ஆர்.பி.எம். முள். 140 போற வண்டியில அது மூவாயிரத்துக்கு மேல இருக்கணும். போட்டோவுல ஆயிரத்துக்கும் கீழ. கியர் மூணுல. மூணாவது கியர், ஆயிரம் ஆர்.பி.எம்., 140 கி.மீ. அந்தக் கார் கம்பெனிக்கே தெரியாத கியர்பாக்ஸ் மாமாகிட்ட இருந்திருக்கு!

15.03.2025

"சார் சி.சி.டி.வி. பார்த்தா போதுமே, இவ்வளவு கணக்கு எதுக்கு?"

மாமா இடத்துல கேமரா இல்ல. இருந்தாலும் சும்மா வராது. படத்துல ரெண்டு இடத்தை எடுத்துக்கிட்டு, நடுவுல எத்தனை ஃபிரேம்னு எண்ணணும். நொடிக்கு 25 ஃபிரேம், 9 மீட்டரை 12 ஃபிரேம்ல கடந்தா 67. எண்ணினதுல ஒண்ணு கூடினா 62, ஒண்ணு குறைஞ்சா 74. அதுவும் கேமரா நிஜமாவே 25 பிடிச்சிருந்தா. மலிவு டி.வி.ஆர். (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி) ராத்திரியில ஃபிரேமை முழுங்கும், வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பினா இன்னும் முழுங்கும். ஒரிஜினல் டிஸ்க்தான் வேணும். ரோட்டு வெள்ளைக் கோடு இத்தனை மீட்டர்னு புத்தகத்தைப் பார்த்தும் எழுதாதீங்க. போய் டேப் போடுங்க. பெயின்ட் அடிச்ச ஆள் புத்தகம் படிச்சுட்டு அடிக்கல.

16.03.2025

காருக்குள்ளயே பதிவு இருக்காதான்னு கேட்டிருந்தாங்க. ஏர்பேக்கை இயக்கற பெட்டிக்குள்ள மோதலுக்கு முந்தின சில நொடி வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் பதிவாகும், இப்ப நிறைய கார்ல உண்டு. 2022 செப்டம்பர் 4-ல பால்கர் பக்கம் சூர்யா ஆத்துப் பாலத்துல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்துல, மோதறதுக்கு 5 நொடி முன்னாடி 100, மோதும்போது 89-னு கார் கம்பெனி போலீஸுக்குச் சொன்னது அப்படித்தான். 2021 பிப்ரவரியில கலிபோர்னியாவுல கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் கார் கவிழ்ந்தப்பவும் இதே பெட்டிதான் பேசிச்சு. மணிக்கு 45 மைல் போக வேண்டிய இடத்துல 84-லேருந்து 87. பிரேக்கைத் தொடவே இல்ல, ஆக்ஸிலரேட்டர் 99 சதவீதம் அழுந்தியிருந்துச்சு. பதட்டத்துல பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலரேட்டரை மிதிச்சிருக்கலாம்னு போலீஸே சொல்லிச்சு. பாருங்க, பெட்டி வேகத்தைச் சொல்லிடுச்சு. ஏன்னு அதுக்கும் தெரியல.

மாமாவோடது ஏர்பேக் இல்லாத மாடல். அந்தப் பேச்சே இல்ல.

21.03.2025

இந்த 'ஏன்'ல நான் மாட்டின கதையைச் சொல்லணும், ரொம்ப நாளா மனசுல கிடக்கு.

2011-ன்னு ஞாபகம். ஒரு கார் வளைவுல திரும்பாம நேரா போய்ப் புளியமரத்துல மோதிச்சு. கோடு இல்ல. ஓட்டினவர் அங்கேயே போயிட்டார். நான் எழுதின ரிப்போர்ட்: பிரேக் அடையாளம் இல்லை, ஓட்டுநர் கண் அயர்ந்திருக்க வாய்ப்பு. எழுதி மூணு வாரம் கழிச்சு வேற வேலையா அதே யார்டுக்குப் போனேன். சும்மா அந்த வண்டியை எட்டிப் பார்த்தேன். பிரேக் பெடலுக்கு அடியில அரை லிட்டர் தண்ணி பாட்டில். மூடி திருகினபடியே இருக்கு, உள்ள ரெண்டு மடக்குத் தண்ணி. பாட்டில் வயித்துல பெடல் ரப்பரோட வரி வரியான தடம், சப்பாத்திக் கட்டையில அழுத்தின மாதிரி அஞ்சு கோடு.

தூங்கல அந்த மனுஷன். மிதிச்சிருக்கார். பெடல் இறங்கல.

அன்னிக்கே திருத்தி எழுதிக் கொடுத்தேன். ஆனா அதுக்கப்புறம் எனக்கே சந்தேகம். மரத்துல மோதினப்ப எஞ்சின் பின்னாடி வந்து பெடலை உள்ள தள்ளியிருக்கு. பின்சீட்டுல கிடந்த பாட்டில் உருண்டு வந்து அந்த நொடியில மாட்டியிருந்தாலும் இதே அஞ்சு கோடுதான் விழும். முன்னாடி மாட்டிச்சா, அப்புறமா மாட்டிச்சா? இறந்தவரோட ஷூவைப் பார்த்திருந்தா ஒரு வழி கிடைச்சிருக்கும். பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதிச்சுக்கிட்டே மோதினா பெடல் ரப்பரோட வரி ஷூ அடியில பதியும். அவர் செருப்பைக் கழட்டி வெச்சுட்டு வெறுங்காலோட ஓட்டியிருந்தார். நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தானே.

இன்னிக்கும் யார் கார்ல ஏறினாலும் முதல்ல குனிஞ்சு கீழே பார்ப்பேன். வீட்டுல கேலி பண்ணுவாங்க.

22.03.2025

மாமா கேஸுக்குத் திரும்பறேன். வேகம் கிடைச்சாச்சுன்னு வெச்சுக்கோ, 75. அதை வெச்சு ஒரு கேள்வி கேட்கலாம்: லாரியை அவர் எப்ப பார்த்தார்?

கண்ணுல பட்டு, மூளைக்கு ஏறி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடின்னு வைப்போம். 75-ல ஒன்றரை நொடிக்கு 31 மீட்டர். அப்புறம் 18 மீட்டர் கோடு. ஆக 50 மீட்டர் கிட்டதான் அது அவருக்கு லாரியாத் தெரிஞ்சிருக்கு. நேரான ரோடு. பின்னாடி சிவப்பு லைட் எரிஞ்சிருந்தா அரை கிலோமீட்டர் முன்னாடியே தெரியணும். லைட் இல்லாத, மண்ணு படிஞ்ச தார்ப்பாய் போட்ட லாரின்னா டிம் லைட்ல அம்பது மீட்டர்தான் தெரியும்.

சந்தோஷப்படாதே. தூங்கி வழிஞ்சு, அம்பது மீட்டர்ல கண்ணு முழிச்சிருந்தாலும் இதே நம்பர்தான் வரும். போன் பார்த்திருந்தாலும் இதேதான். 64-ல வந்திருந்தா அந்த அம்பது மீட்டருக்குள்ள நின்னிருப்பார், அதையும் எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லாம விடமாட்டார். இவர் பங்கு இத்தனை சதவீதம்னு இழப்பீட்டுல கழிப்பாங்க. அந்தச் சதவீதம் பத்தா அம்பதாங்கறது லாரியோட லைட்டுலதான் இருக்கு.

லாரி எங்க இப்ப?

23.03.2025

விட்டுட்டாங்களாம். புது லைட்டும் புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் போட்டுப் பளிச்னு ஓடிக்கிட்டிருக்காம். சரி.

பல்பு பத்திச் சொல்றேன், கேளு. எரியற பல்புக்குள்ள டங்ஸ்டன் சுருள் வெள்ளைச் சூட்டுல மெத்துனு இருக்கும். அப்ப பலமா அடி விழுந்தா சுருள் பழைய ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு விரியும். எரியும்போதே கண்ணாடி உடைஞ்சா காத்து பட்டு டங்ஸ்டன் எரிஞ்சு வெள்ளை, மஞ்சளாப் பொடி படியும், கம்பி கருக்கும். அணைஞ்சு குளிர்ந்திருந்த சுருள் விறைப்பா இருக்கும். அடி விழுந்தா படக்னு ஒடியும், ஒடிஞ்ச துண்டு பளபளன்னு இருக்கும், சுருள் நெருக்கம் கலையாது. எல்.இ.டி. வந்ததுலேருந்து இந்த வித்தைக்கு வேலை குறைஞ்சிடுச்சு. பழைய லாரிகள்ல இன்னும் பல்புதான்.

உன் மாமா கார் லாரிக்கு அடியில புகுந்து, டெயில் லைட்டை இடிச்சுக்கிட்டுத்தானே போயிருக்கும்? அந்த லைட்டோட துண்டு எங்க போச்சு? கார் இன்னும் ஷெட்டுலதான் கிடக்குன்னா கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவுல, வைப்பர் குழியில தேடு. பார்த்தா தொடாதே. வக்கீலைக் கூட்டிக்கிட்டுப் போய், விசாரிக்கற எஸ்.ஐ.கிட்ட எழுதிக் கொடுத்து, மகஜர் போட்டு எடுக்கச் சொல்லு. நீயே எடுத்துட்டு வந்தா "வீட்டுலேருந்து கொண்டு வந்து போட்டான்"னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க.

29.03.2025

கிடைச்சிருக்கு! வைப்பர் குழியில, வேப்பிலைச் சருகுக்கு நடுவுல, சிவப்பு பிளாஸ்டிக்கும் பித்தளைக் கால் பல்பும். கண்ணாடி இல்ல. எஸ்.ஐ. முன்னாடியே போட்டோ எடுத்து மகஜர்ல ஏத்திட்டாங்க. பெரிசு பண்ணிப் பார்த்தேன். சுருள் நெருக்கமா இருக்கு, நடுவுல ஒடிஞ்சிருக்கு, பளபளங்குது. பொடி இல்ல.

எரியல.

29.03.2025, அரை மணி நேரம் கழிச்சு

இருங்க, இருங்க. வக்கீலுக்கு அனுப்பாதே தம்பி, இந்தத் தடவையாவது.

அது ரெண்டு சுருள் பல்பு. ஒண்ணு பிரேக்குக்கு, 21 வாட். இன்னொண்ணு பார்க்கிங் லைட்டுக்கு, 5 வாட், தலைமுடி மாதிரி மெலிசா இருக்கும். போட்டோவுல தெரியறது தடிச்ச சுருள், அதாவது பிரேக் லைட். ஓரமா நிறுத்தின லாரியில பிரேக் லைட் எப்படியும் எரியாது. அது குளிர்ந்து ஒடிஞ்சதுல எனக்கோ உனக்கோ ஒண்ணும் இல்ல. நமக்கு வேண்டியது அதுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கற மெலிசு.

பல்பு இப்ப எஸ்.ஐ.கிட்ட கவர்லதானே இருக்கு? தடய அறிவியல் லேபுக்கு அனுப்பணும்னு வக்கீலை மனு போடச் சொல்லு. கவருக்குள்ள உருளாம இருக்க ஒரு சின்ன டப்பாவுல பஞ்சு வெச்சுத் தரச் சொல்லிப் பாரு. அந்த மெலிசு சுருள் ஒரு குலுக்கலுக்குத் தாங்காது.